ஓலைப்பெட்டிக் கணக்கு

பிற்பகல் மூன்றேகால் மணிக்குப் பெரியப்பா கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "மூணேகால் ஆயிட்டு. இப்பம் வண்டியப் பூட்டினாத்தான் ஒம்பது மணிக்காவது பாளையங்கோட்டை போய்ச் சேரலாம்" என்றார். எல்லாம் கெடத் தொடங்கிய நேரம் அதுதான். அதற்குப் பிறகு பல வருஷங்கள், எங்கள் வீட்டில் யாராவது மணி மூன்றேகால் என்று சொன்னால் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பாள்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் நின்றிருந்த இடம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிற சாலையை ஒட்டி, தாமிரபரணியின் தென்கரையில், செம்மண்ணும் சரளைக்கல்லுமாக மேடிட்டுக் கிடக்கும் பொட்டல் அது. சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை ஆட்களை வைத்து அங்கே குழிகுழியாகத் தோண்டி, பூமிக்குள்ளிருந்து பெரிய பெரிய மண்பானைகளையும் இரும்புக் கத்திகளையும் பொன் பட்டங்களையும் எடுத்திருந்தார். நல்லவற்றைப் பெட்டி கட்டி மதராசுக்கு அனுப்பிவிட்டாராம். வாய் உடைந்த பானைகளும், எடுக்க முயன்றால் நொறுங்கிவிடக்கூடியவையும் குழிகளிலேயே கிடந்தன. அவற்றைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் கட்டுச்சோற்றோடு வந்துகொண்டிருந்தார்கள்.

எங்களை அங்கே கூட்டிவந்தவர் அப்பா. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மாவின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் நாகர்கோவிலிலிருந்து பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்கு வந்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கு ஊர் காட்டுவது என்றால் அப்பாவுக்குப் பிரசங்கம் செய்யக் கிடைத்த மாதிரி. முதல் நாள் ஊசிக்கோபுரக் கோயில். கோபுரம் எத்தனை அடி உயரம் என்று சொன்னார். மறுநாள் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலம். அதற்கு எத்தனை கண் என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் பார்த்த பெரியப்பாவைக் கரையில் நிறுத்தி எண்ணவும் வைத்தார். குற்றாலம் போகலாம் என்றால் சாரல் தொடங்கவில்லை. அதனால் மூன்றாம் நாள் ஆதிச்சநல்லூர்.

இப்படி எதைக் கண்டாலும் எண்ணுகிற மனிதரின் வீட்டில், எண்ணக் கூடாதது ஒன்று இருந்தது. அது பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பிள்ளைகளைத் தலை எண்ணினால் ஒன்று குறைந்துபோகும் என்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்துவைக் கும்பிடுகிறவர்கள், கண்ணேறு முதலானவற்றை நம்பக் கூடாதவர்கள். ஆனால் பெரியம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். முற்காலத்தில் ஒரு ராஜா தன் ஜனங்களைத் தலை எண்ணப்போய் நாடே கொள்ளைநோயில் விழுந்தது என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருந்தாள். "பாத்தியளா, இது கண்ணேறு இல்ல, வேத வசனம்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் அதை மறுக்கவில்லை. யாராவது "பிள்ளைகள் எத்தனை" என்று கேட்டால், "தேவன் குடுத்தது உண்டு" என்று சொல்லிச் சிரிப்பார்.

எண்ணாமல் எண்ணுவதற்குப் பெரியம்மா ஒரு முறை வைத்திருந்தாள். நாகர்கோவிலிலிருந்து ஒரு தகர டின் நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தெடுத்த அந்தப் பலகாரத்தை, பயணத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி ஒரு பனையோலைப் பெட்டிக்குள் வைப்பாள். ஒரு பேருக்கு ஒன்று. திரும்பும்போது வண்டி ஏறும் இடத்தில் நின்று ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். பெட்டி காலியானால் எல்லாரும் ஏறியாச்சு என்று அர்த்தம். கோபுரத்திலும் பாலத்திலும் அந்தக் கணக்குப் பிசகவில்லை.

பரம்பில் எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டியவர் அந்த ஊர்த் தலையாரி. குழிகளைக் காவல் காப்பது அவர் வேலை. வருகிறவர்களுக்குக் கதை சொல்வது அவராக ஏற்றுக்கொண்ட வேலை. ஒரு குழியின் ஓரத்தில் நின்று, கம்பால் பானையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"அந்தக் காலத்து ஆளுகளுக்குச் சாவே வராது அய்யா. வயசு ஏற ஏற ஆளு சிறுத்துக்கிட்டே போவாக. பூனைக்குட்டி கணக்கா ஆனதும், பானைக்குள்ள உக்கார வச்சு, அரிசியும் வெளக்கும் பக்கத்துல வச்சு, மூடிருவாக. உள்ள இருந்தும் சிறுத்துச் சிறுத்து, கடைசியில புழுதிதான் பாத்துக்கிடுங்க."

பெரியப்பா குனிந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன் வே, உம்ம மாமியாரு இதுல எதுலயும் இருக்காகளா?"

"அவ அளவுக்கு இன்னும் பானை வனையலய்யா" என்றார் தலையாரி.

பெரியவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பானைக்குள் மென்மையான, மாவு போன்ற புழுதி கொஞ்சம் படிந்திருந்ததை நானும் பார்த்தேன்.

சோறு தின்றபின் பெரியவர்கள் ஒரு உடைமரத்து நிழலில் சாய்ந்தார்கள். நாங்கள் விளையாடப் போனோம். என் தங்கைக்கு அப்போது ஐந்து வயது. நான் எங்கே போனாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். அன்று எனக்கு என் வயதுப் பெரியம்மா மகளோடு தனியாகப் போக வேண்டியிருந்தது. பரம்பு முழுக்க வழவழப்பான பானை ஓடுகள், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகக் கிடந்தன. பாண்டி விளையாட அதைவிட நல்ல சில்லு உலகத்தில் கிடையாது. அவற்றைப் பொறுக்கும்போது சின்னவள் ஒரு இடைஞ்சல்.

ஆகவே நான் அவளை ஒளிந்து விளையாடலாம் என்று கூப்பிட்டேன். முழங்கால் ஆழக் குழி ஒன்றில் வாய் உடைந்த பானை மண்ணில் பாதி புதைந்திருந்தது. கையைப் பிடித்து உள்ளே இறக்கி உட்கார வைத்தேன். "நான் வந்து 'கண்டாச்சு'ன்னு சொல்லுத வரைக்கும் தலையத் தூக்கப்படாது. ஆரு கூப்பிட்டாலும் பேசப்படாது. அம்மா கூப்பிட்டாலும் பேசப்படாது. பேசினா நீ தோத்துட்டே."

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது என்று சைகை காட்டினாள்.

அதன்பின் நான் அவளை மறந்துபோனேன்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்துபோய் வாசலில் நின்றேன். மறந்துபோனேன் என்பதை இன்றுவரை என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. கோபம் இல்லை, வஞ்சகம் இல்லை. மடியில் ஓடுகள் சேரச் சேர, தங்கை என்று ஒருத்தி இருப்பது மனசிலிருந்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

பெரியப்பாவின் மூன்றேகால் கேட்டதும் எல்லாரும் வண்டிகளுக்கு ஓடினோம். இரண்டு கூண்டுவண்டிகள். அப்பா, அம்மா, பெரியப்பா, கைப்பிள்ளைகள் முன்வண்டியில். பெரியம்மாவும் மற்றப் பிள்ளைகளும் பின்வண்டியில். முன்வண்டிக் கூட்டத்துக்குக் கூண்டுக்கு வெளியே நின்றே முதலில் கொடுத்து அனுப்பிவிட்டுப் பெரியம்மா எங்களிடம் வந்தாள். முன்வண்டி நகர்ந்துவிட்டது. கடைசியாக நான் நின்றேன். பெட்டியில் இரண்டு இருந்தன.

"சின்னவ எங்கட்டி?"

"அம்மா வண்டியில இருப்பா. அங்கனதான் தூங்குவா. குடுங்க பெரியம்மா, கருங்குளத்துல வண்டி நிக்கையில நான் குடுத்துருதேன்."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். எந்தப் பயணத்திலும் அவள் அம்மாவின் மடியில்தான் கிடப்பாள். பெரியம்மா பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "பெட்டி காலி. எல்லாரும் ஏறியாச்சு. வண்டிய விடுங்க அண்ணாச்சி" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். வண்டி ஆட ஆட என் பங்கைத் தின்றேன். கருங்குளம் இன்னும் தூரம் இருந்தது. அவள் பங்கையும் தின்றேன்.

கருங்குளத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டிகள் நின்றன. அம்மா கூஜாவோடு எங்கள் வண்டிக்கு வந்தாள்.

"சின்னவள எழுப்புங்க, ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்."

பெரியம்மா, "அவ உன் மடியிலல்லா கெடக்கா?" என்றாள்.

அம்மா சிரித்தாள். "வெளையாடாதிய அக்கா."

பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுத்துவிட மறந்துபோன மாதிரி. நான் அதற்குமுன் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

அப்பா எங்கள் எல்லாரையும் கீழே இறக்கிச் சாலையில் வரிசையாக நிறுத்தினார். எங்களைப் பார்த்து விரலை நீட்டினார். "ஒண்ணு" என்றார். பெரியம்மா, "ஐயோ, எண்ணாதிய, எண்ணாதிய" என்று காதைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பலகைக் கணக்கைச் சொல்லும் அதே குரலில் அப்பா எண்ணிக்கொண்டே போனார். ஒன்பது வரவேண்டியது எட்டில் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். மறுபடி எட்டு, மூன்றாம் தடவையும் எட்டு. கணக்கு வாத்தியார் ஒருவர் எட்டு வரைக்கும் மூன்று தடவை எண்ணிப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"பெட்டி காலியாச்சே! பெட்டி காலியாச்சே!" என்று பெரியம்மா அந்த ஓலைப்பெட்டியை எல்லாரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அவ பங்கு எங்க?"

"தின்னுட்டேன்."

யாரும் என்னை அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழாததால் விரலிடுக்கில் பார்த்தேன். அம்மா சாலையில் ஓடிக்கொண்டிருந்தாள், வந்த வழியே, செருப்பில்லாமல், தலைமுடி அவிழ. அப்பா பின்னால் ஓடினார். கூஜா தரையில் உருண்டு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

வண்டியைத் திருப்பி அவர்களை வழியில் ஏற்றிக்கொண்டார்கள். "கடைசியா எங்கன பாத்த?" என்று அப்பா கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "பானைக்குள்ள" என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பரம்பு வந்து சேரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. மறுநாள் அந்த இடத்தில் நான்கு விரலும் கன்றிப்போயிருந்தன.

வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. மதியம் பார்த்த இடம் மாதிரியே இல்லை. குழிகள் எல்லாம் நிழல் நிரம்பி ஒன்றுபோல் கிடந்தன. நான் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி ஒரு குழியருகே நின்றேன். முழங்கால் ஆழம், வாய் உடைந்த பானை. "இதுதான்" என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். பானை காலியாக இருந்தது.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் சத்தங்களாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது. எல்லாரும் சின்னவளின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். தலையாரி குடிசையிலிருந்து ஓடிவந்து, "ஆத்துப் பக்கம் பாத்தியளா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட மாத்திரத்தில் அப்பா வடக்கே ஆற்றை நோக்கி ஓடினார். பெரியப்பா கிழக்கே. பெரியம்மா பொட்டலின் நடுவில் முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். ஜெபத்தின் இடையிடையே, "நான்தான் எண்ண விடல ஆண்டவரே" என்றாள். அம்மா குழி குழியாக ஏறி இறங்கி எங்கேயோ தூரமாகப் போய்விட்டாள்.

நான் அந்தப் பானையை விட்டு நகரவில்லை.

அவள் எங்கே போனாள் என்று தேட எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே. பானைக்குள் உட்காருகிறவர்கள் சிறுத்துக்கொண்டே போவார்கள். கிழவர்கள் பூனைக்குட்டி அளவு ஆனபிறகுதான் வைப்பார்கள். அவர்களுக்கே கடைசியில் புழுதிதான். சின்னவள் முதலிலேயே சிறியவள். அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பக்கத்தில் அரிசிகூட வைக்கவில்லை. அவளுக்குரிய பலகாரத்தையும் நான் தின்றுவிட்டேன்.

மடியிலிருந்த ஓடுகளைக் கொட்டினேன். பானைக்குள் கையை விட்டு, அந்தப் புழுதியை ஒரு துளிகூட விடாமல் விரலால் வழித்து வழித்து என் பாவாடையில் சேர்த்தேன். முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மாவுக்கு ஏதாவது செய்யத் தெரியும் என்று நினைத்தேன். காற்றடித்தபோதெல்லாம் குனிந்து உடம்பால் மறைத்தேன். எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், நான் ஒருத்தி மட்டும் அவளைக் கூப்பிடவில்லை.

இப்போது எனக்கு நான்கு பிள்ளைகள். நான் எண்ணுகிறேன். ரயிலில் எண்ணுகிறேன், கோயிலில் பாட்டு நடுவில் எண்ணுகிறேன், படுத்தபின் விளக்கோடு போய் எண்ணுகிறேன். மூத்தவனுக்கு மீசை வந்துவிட்டது, அவனையும் விடுவதில்லை. "அம்மா, ஆடா மாடா நாங்க?" என்று அவன் கேட்கிறான். அவனையும் சேர்த்து இன்னொரு தடவை எண்ணுகிறேன்.

அன்று பரம்பில் சூரியன் இறங்கிவிட்டது. அப்பா ஆற்றிலிருந்து திரும்பி வந்தார். மார்புவரை நனைந்திருந்தார், தலைப்பாகை இல்லை. கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அவர் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்த அம்மா, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். ஆடு மேய்க்கிறவள், தோளில் தொரட்டிக் கம்பு, பின்னால் நாலைந்து வெள்ளாடுகள். பெரியவர்கள் யாரிடமும் போகாமல், தனியாக நின்ற என்னிடம் நேரே வந்தாள்.

"நீதான் அக்காவா?"

நான் தலையாட்டினேன்.

"நல்ல அக்காதான் போ. அங்கன மேக்கால குழியில ஒரு பொட்டப்பிள்ள பானைக்குள்ள உக்காந்திருக்கா. 'வாட்டி'ன்னு கையப் பிடிச்சா கடிக்கா. தண்ணி குடுத்தா குடிக்கா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேங்கா. நானும் எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன். 'ஆரு சொன்னா வருவே, அம்மாவா, அக்காவா?'ன்னு கேட்டேன். 'அக்கா'ங்கவும் தலையாட்டுதா."

அம்மா எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டாள். குழிக்குள் குதித்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். சின்னவளோ பானையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உதட்டை இறுக மூடி, என்னையே பார்த்தாள். முகமெல்லாம் புழுதி, அதில் கண்ணீர் ஓடிக் காய்ந்த கோடுகள். தூங்கி எழுந்து அழுதிருக்கிறாள், அதையும் சத்தமில்லாமல். நான் 'கண்டாச்சு' என்றேன்.

"நான்தான் செயிச்சேன்" என்றாள் அவள். அதற்கப்புறம்தான் ஓவென்று அழுதாள்.

அப்பா கோட்டோடு அந்த மண்ணில் உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா தோத்திரம் சொன்னாள். பெரியப்பா அந்தப் பெண்ணிடம் ஏதோ கொடுக்கப் போனார். அவள், "பிள்ளைய மொதல்ல வீட்டுக்குக் கொண்டு போங்கய்யா" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் வண்டிப் பக்கம் நடந்தார்கள். நான் மட்டும் பாவாடை முனைகளைப் பிடித்தபடி நின்றேன். சின்னவள் முழுசாக அம்மாவின் இடுப்பில் போய்க்கொண்டிருந்தாள். அப்படியென்றால் என் மடியில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டுக்காரி என் கையைப் பார்த்தாள். "மடியில என்னட்டி?"

"பானையில இருந்த மண்ணு."

அவள் முகம் மாறியது. இதுவரை கேலியாகப் பேசியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எடுத்த எடத்துலயே கொண்டு போட்டுட்டு வா. வீசிக் கொட்டாத. பைய வையி. அதுவும் ஆரோ பெத்த பிள்ளதான்."

எனக்கு அவள் மேல் இரக்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இங்கேயே ஆடு மேய்க்கிறாள், இதுகூடத் தெரியவில்லையே என்று. "பிள்ளை இல்ல, வயசானவங்க. பிள்ளைகள வைக்கமாட்டாங்க. தலையாரி சொன்னாரு" என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

அதற்கு அவள் சொன்னதை நான் அன்று கேலி என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு மூத்தவன் பிறக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கெழவனையும் ஒருத்தி பெத்துத்தானட்டி இருப்பா. போ, பைய வையி."